ரீல்ஸ் பார்க்கும் பிள்ளை பக்கத்தில் எப்படி உட்காருவது: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னை வியாசர்பாடியில் ஒரு மாடி வீட்டில் சாயங்காலம் 6 மணிக்கு எங்கள் வகுப்பு தொடங்கும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கத்தான் நான் அங்கே போனேன், பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது பாதி நேரம் போனுக்குள் இருக்கிற அண்ணன்களையும் அக்காக்களையும், அதாவது இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வீடியோ போட்டுப் பேர் வாங்கிய இன்ஃப்ளூயன்சர்களைப் பற்றித்தான் பேச்சு.

சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிற கல்லூரிப் பிள்ளைகளும், வகுப்பு முடிகிற நேரத்தில் கூட்டிப்போக வருகிற அம்மாக்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இத எப்படிப் பேசறது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் இருப்பதெல்லாம் நான் செய்து பார்த்தவை. சிலவற்றை முதலில் தப்பாகச் செய்து, அப்புறம் திருத்திக்கொண்டேன்.

ஒரு ஏப்ரல் மாதம். ஷீட் கூரை, ஃபேன் சுற்றினாலும் அனல்தான் இறங்கும். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் மூன்று நாளாக மாஸ்க்கைக் கழற்றவில்லை. கேட்டால் "ஜலதோஷம்க்கா" என்றாள். நான்காம் நாள் எல்லோரும் போன பிறகு கழற்றிக் காட்டினாள். இரண்டு கன்னமும் செக்கச்செவேல் என்று சிவந்து, தோல் மெலிந்து, பொடிப்பொடியாகப் பரு. இன்ஸ்டாகிராமில் ஒரு அக்கா சொன்ன நைட் கிரீமை ஆறு வாரமாகப் பூசி வந்திருக்கிறாள். பேக்கிங்கில் தயாரித்தவர் விலாசம்கூட இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனோம். பார்த்ததுமே ஸ்டீராய்டு வேலை என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?" அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த அக்கா தெனமும் பேசறாங்க. நீங்க கணக்கு மட்டும்தான கேக்கறீங்க."

அந்தப் பதிலிலிருந்துதான் எனக்கு இந்த விஷயம் புரிய ஆரம்பித்தது. போனில் வருகிறவர் ஒரு அக்காவின் இடத்தில், ஒரு அண்ணனின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடம் காலியாக இருந்ததால் உட்கார்ந்தார். கீழே சொல்கிற எல்லாமே அந்த இடத்தில் நீங்கள் போய் உட்காருவதற்கான வழிதான்.

முதல் படி: போனைப் பிடுங்காதீர்கள்

நானும் பிடுங்கியிருக்கிறேன். வகுப்பு வாசலில் பிளாஸ்டிக் கூடை வைத்து எல்லா போனையும் வாங்கிப் போட்டேன். பிள்ளைகள் கூடையில் பழைய பட்டன் போனைப் போட்டுவிட்டு உள்ளே நல்ல போனை வைத்திருந்தார்கள். அது போகட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், எந்தப் பிள்ளையும் அப்புறம் என்னிடம் எதையும் காட்டவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். அப்பா டிவி பார்க்கிறார், பாட்டி படுத்திருக்கிறார், அம்மா குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடையாது. இயர்போனை மாட்டிக்கொண்டால் அதுதான் அதற்குத் தனி அறை. போனைப் பிடுங்குவது அந்தப் பிள்ளையைத் தன் அறையிலிருந்து வெளியே தள்ளுவது மாதிரி ஆகிவிடும். கோபம் வரத்தான் செய்யும்.

போனை வாங்குவதற்குப் பதில் "நீ யாரைப் பார்க்கிறே, எனக்கும் காட்டேன்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பத்து நிமிடம் பார்த்தால் போதும். "இதெல்லாம் ஒரு வீடியோவா?" என்று ஒரு தடவை சொல்லிவிட்டீர்கள் என்றால் கதை முடிந்தது, அடுத்த தடவை காட்டாது.

இரண்டாம் படி: ஒரு வாரம் நீங்களே பாருங்கள்

பிள்ளைகள் சொன்ன பத்துப் பேரை எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் நீங்களும் பின்தொடருங்கள். எல்லோரும் கெட்டவர்கள் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். எங்கள் வகுப்பில் பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் ஆரி வேலையை முழுக்க யூடியூப் பார்த்தே கற்றாள். இப்போது கல்யாண சீசனில் ஜாக்கெட் ஆர்டர் எடுக்கிறாள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையன்கள் தமிழில் பாடம் எடுக்கிற சேனல்களை நம்பித்தான் இருக்கிறார்கள். கோச்சிங்குக்குக் கட்டப் பணமில்லாத வீட்டில் அது பெரிய உதவி.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இவர் கையில் ஒரு வேலை இருக்கிறதா, அல்லது தன் வாழ்க்கையையே காட்டிக்கொண்டிருக்கிறாரா? தையல் சொல்லித்தருகிற அக்காவைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ஊசியைத் தேடுகிறது. புது போன், புது பைக், புது வீடு என்று காட்டுகிற அண்ணனைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது.

இங்கே இரண்டு பழைய ஆராய்ச்சிகளைச் சொல்ல வேண்டும், பிள்ளைகளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவை. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-ல் எழுதினார்: மனிதர்கள் தங்களை அளந்துபார்ப்பது தங்களைப் போலவே இருக்கிறவர்களோடுதான். ரொம்ப தூரத்தில் இருக்கிறவரோடு யாரும் ஒப்பிட்டுக்கொள்வதில்லை. சினிமா நடிகர் கார் வாங்கினால் நம் பையனுக்கு வலிக்காது. ஆனால் "நம்ம ஏரியா பையன், நம்ம ஸ்கூல்லதான் படிச்சான்" என்று வருகிறவன் கார் வாங்கினால் ராத்திரி தூக்கம் வராது. இன்ஃப்ளூயன்சரின் பலம் இதுதான். அவர் எதிர்வீட்டுக்காரர் மாதிரி பேசுகிறார், அதனால் அவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

இரண்டாவது, 1956-ல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியது. திரையில் இருப்பவர் நேயரின் கண்ணைப் பார்த்துப் பேசப் பேச, நேயருக்கு அவர் தெரிந்தவராகவே ஆகிவிடுகிறார், அவருக்கோ இவரைத் தெரியவே தெரியாது என்று அவர்கள் கவனித்தார்கள். டிவி வந்த காலத்திலேயே அப்படி. இப்போது அது தலையணைப் பக்கத்தில், "ஹாய் தங்கம்ஸ், சாப்டாச்சா?" என்று கேட்கிறது. வீட்டில் அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வியாகக்கூட அது இருக்கலாம்.

மூன்றாம் படி: நோட்டுக் கணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வாரத்துக்கு மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணி, யாருடைய வீடியோ, பார்த்த பிறகு மனசு எப்படி இருந்தது. மனசுக்குப் பெரிய வார்த்தை வேண்டாம். ஜாலி, கடுப்பு, ஒருமாதிரி, ஒன்னுமில்ல. இவ்வளவு போதும். நீங்களும் உங்களுக்கு ஒரு நோட்டு போட்டு எழுதுங்கள், இல்லையென்றால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். பிள்ளையின் நோட்டை அதுவாகக் காட்டினால் மட்டும் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர் எழுத ஆரம்பித்து ஏழு பேர் முடித்தார்கள். அதுவே நல்ல எண்ணிக்கை. ஒரு பையன் தன் நோட்டைத் தானே படித்துவிட்டு வந்து சொன்னான்: "அக்கா, பதினோரு மணிக்கு மேல பாத்தது எல்லாமே கடுப்புனுதான் இருக்கு. அப்புறம் ஏன் பாத்தேன்னே தெர்ல." நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே போனை அம்மாவின் சமையல் மேடையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்க ஆரம்பித்தான். வாரத்தில் நாலு நாளாவது செய்கிறான்.

ஒரே வீடியோ எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2021 செப்டம்பரில், இன்ஸ்டாகிராமை நடத்துகிற ஃபேஸ்புக் கம்பெனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் கொண்டுவந்தவை. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கனவே மோசமாக நினைத்துக்கொண்டிருந்த டீன் ஏஜ் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொன்னதாகக் கம்பெனியின் சொந்த ஆய்விலேயே இருந்தது. "ஏற்கனவே" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே காயம் இருக்கிறதோ அதன் மேல்தான் உப்பு விழுகிறது. "கருப்பி" என்று வீட்டிலேயே கூப்பிடப்படுகிற பெண்ணுக்குக் கிரீம் விளம்பரம் வேறு மாதிரி கேட்கும். அதனால் நோட்டு தனித்தனி. வகுப்பு முழுக்க ஒரே புத்திமதி சொல்லி அனுப்புவது வேலைக்கு ஆகாது.

நான்காம் படி: நீங்களே ஒரு ரீல் எடுங்கள்

நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். எதைச் செய்ய நேரமில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, முப்பது விநாடி வீடியோ எடுக்கச் சொன்னேன். தலைப்பு: "என் காலை நேரம்". போனில் வருகிற வீடியோக்கள் மாதிரியே பளபளவென்று இருக்க வேண்டும். தெருமுனை பியூட்டி பார்லரிலிருந்து ஒரு ரிங் லைட்டை இரவல் வாங்கினோம். வெளிச்சத்தைத் திருப்பியடிக்க வெள்ளை சார்ட் பேப்பர். பின்னால் தெரிய ஒரு புதுப் போர்வையை ஆணியில் மாட்டினார்கள். ஒரு பெண் பித்தளை டம்ளரில் காபி குடிக்கிற மாதிரி நடித்தாள். டம்ளரில் இருந்தது தண்ணீர்.

ஒரு காட்சிக்கு இருபத்து மூன்று தடவை எடுத்தார்கள். ஜீவா ஸ்டேஷன் பக்கம் ரயில் போகிற சத்தம் வந்தால் கட். கீழே மீன்காரம்மா கூவினால் கட். பெண்ணுக்குச் சிரிப்பு வந்தால் கட். போர்வைக்கு அந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர், காய்கிற துணி, சுவரில் ஈரக்கறை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் குடங்கள். போர்வைக்கு இந்தப் பக்கம் காபி குடிக்கிற மகாராணி. எடிட் பண்ணி, ஃபில்டர் போட்டு, பாட்டுச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இது எங்க வூடு மாதிரியே இல்லக்கா."

அதற்கு மேல் நான் பாடம் நடத்தவில்லை. அன்றைக்கு அப்புறம் அவர்களாகவே துப்பறிய ஆரம்பித்தார்கள். "இந்த அண்ணன் மூணு வீடியோல ஒரே சட்டை போட்டிருக்காரு, ஒரே நாள்ல எடுத்திருப்பாரு." "இந்த அக்கா கை ஒரு கலரு, மூஞ்சி ஒரு கலரு, ஃபில்டரு." திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை தன் கையால் மறைத்துப் பார்த்த பிள்ளை, அப்புறம் எந்த வீடியோவைப் பார்த்தாலும் போர்வையைத் தேடும்.

ஐந்தாம் படி: காசு எந்தப் பக்கமிருந்து வருகிறது

பிள்ளைகள் பலருக்கு, பார்க்கப் பார்க்க ஆப் காசு கொடுக்கிறது என்ற நினைப்பு. யூடியூபில் விளம்பரப் பங்கு வாங்கவே 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி தடவை ஓடியிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பெரும்பாலும் கம்பெனிகள் தருகிற புரொமோஷன் காசுதான். சில நேரம் காசுகூட இல்லை, பொருளை இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். "லிங்க் பயோல இருக்கு" என்றால், நீங்கள் வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். "வேணும்னா கமென்ட்ல லிங்க்னு போடுங்க" என்பது இன்னும் கெட்டிக்காரத்தனம். நூறு பேர் கமென்ட் போட்டால் அந்த வீடியோ இன்னும் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரும்.

சம்பாதிப்பது தப்பில்லை. நாமும் உழைத்துத்தான் சம்பாதிக்கிறோம். மறைத்தால்தான் தப்பு, அதற்குச் சட்டமும் இருக்கிறது. விளம்பரத் துறையினரே தங்களுக்காக அமைத்துக்கொண்ட விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி 2021 ஜூன் 14 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. காசு வாங்கினாலும் பொருள் வாங்கினாலும் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்துகிற விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றுகிறவரையும் ஓராண்டு வரை எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று தடுக்கலாம். புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915.

இதைச் சட்ட வகுப்பாக எடுக்காதீர்கள். விளையாட்டாக்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் ரீல்ஸ் ஓட்டி, எது விளம்பரம், எதில் அதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள், எதில் மறைத்தார்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் பிடிக்கிறார்கள்.

ஆறாம் படி: மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்

மற்றதிலெல்லாம் பொறுமை. இந்த மூன்றிலும் உடனே தலையிடுங்கள்.

முகக் கிரீம். ஸ்டீராய்டு கலந்த பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கினார்கள். பூசிய முதல் வாரம் முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆகும். வீடியோவில் காட்டுவது அந்த முதல் வாரத்தைத்தான். அப்புறம் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முடிகூட முளைக்கலாம். விட்டால் எரியும், அதனால் திரும்பப் பூசுவார்கள். டியூப்பில் என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது என்று எழுதவில்லை என்றால் அது குப்பைத் தொட்டிக்குத்தான். ஏற்கனவே பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தச் சொல்லாமல் டியூப்போடு தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பையன்கள் பக்கம் இதே கதை ஜிம் பவுடர். "மூணு மாசத்துல சிக்ஸ் பேக்" என்பவரை நம்பி, சாப்பாட்டுக் காசைச் சேர்த்து டப்பா வாங்குகிறார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு இரண்டு முட்டையும் சுண்டலும் காசிமேட்டு மத்தி மீனும் போதும் என்பதை அவன் மதிக்கிற ஒரு கோச் வாயால் சொல்லவையுங்கள். நாம் சொன்னால் எடுபடாது.

சீக்கிரப் பணம். ரம்மி, பெட்டிங் ஆப் புரொமோஷன் பண்ணிய எத்தனையோ முகங்களை நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள். பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அவற்றுக்கு விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. "டிரேடிங் கத்துக்கோ, தினம் ஆயிரம்" என்கிறவர் ஷேர் ஆலோசனை தருவதென்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். "பதிவு எண் என்ன அண்ணா?" என்று கமென்டில் கேட்கச் சொல்லுங்கள். என் பிள்ளைகளில் இரண்டு பேரை உடனே பிளாக் பண்ணிவிட்டார்கள், அதுவே பதில்.

இதன் கோடியில் இன்னொன்று இருக்கிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் சேர்ப்பது, முதலில் நூறு இருநூறு தருவது, அப்புறம் டெபாசிட் கேட்பது. அதைவிட மோசம், "உன் பேங்க் அக்கவுன்ட்டை மட்டும் கொடு, மாசம் கமிஷன் தர்றேன்" என்பது. மோசடிப் பணம் அந்த அக்கவுன்ட் வழியாகப் போகும், போலீஸ் வந்து நிற்பது பிள்ளை வீட்டு வாசலில்தான். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கெத்து வீடியோ. இது எனக்கு நெஞ்சு வலிக்கிற விஷயம். வட சென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று காட்டினால் வ்யூஸ் வரும் என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் வந்து எடுத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் பையன் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ஸ்டோரி போடுகிறான். அப்படிப் போட்டு வழக்காகி, கைதானவர்களின் செய்தி எத்தனையோ தடவை வந்திருக்கிறது. மெயின் ரோட்டில் பைக்கை ஒற்றைச் சக்கரத்தில் தூக்குவதும் இதே வகை.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், டிப்ளமோ முடித்தவன், இண்டர்வியூவுக்குப் போனான். எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் அவர்கள் அவனுடைய ஐடியைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு வீடியோ, கையில் அட்டைக் கத்தி. நாடகத்துக்குச் செய்தது. "அட்டைன்னு யாருக்குக்கா தெரியும்?" என்று என்னிடம் கேட்டான். அன்றைக்கே உட்கார்ந்து பழையதெல்லாம் அழித்தோம். அதிலிருந்து பத்தாவது படிக்கிற ஒவ்வொரு பையனோடும் ஒரு நாள் உட்கார்ந்து அவன் ஐடியை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறேன். "இத உனக்கு வேலை குடுக்கறவரு பாத்தா? போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வர்றவரு பாத்தா?" இந்த இரண்டு கேள்வி போதும், மீதியை அவனே அழிப்பான்.

வட சென்னை என்றால் வேறு முகமும் இருக்கிறது என்று காட்ட உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் பெண்ணின் ஆட்டத்தை யூடியூபில் போட்டு எங்கள் பிள்ளைகளோடு பார்த்தேன். யாரும் சத்தம் போடவில்லை, கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

ஏழாம் படி: போனுக்குள் செய்ய வேண்டியவை

இது சுலபம், அரை மணி நேர வேலை. இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் கீழே கணக்கு வைக்கக் கூடாது. 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் டீன் அக்கவுன்ட் வந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டும், ராத்திரி 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16-க்குக் கீழே என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பொய் வயதில் கணக்கு வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் மாமா ஐடியில் பார்க்கிறார்கள். அந்த போனில் இது ஒன்றும் வேலை செய்யாது. திட்டாமல், "உண்மையான வயசைப் போட்டுப் புதுசா ஒரு ஐடி போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மனசைக் கெடுக்கிற வீடியோ வந்தால் மூன்று புள்ளியை அழுத்தி "நாட் இன்ட்ரஸ்டட்" கொடுக்கப் பழக்குங்கள். யூடியூபில் "டோன்ட் ரெகமெண்ட் சேனல்". சும்மா தள்ளிவிட்டால் போதாது. கோபத்தில் நின்று பார்த்தாலும் ஆப்புக்கு அது பிடித்தது என்றுதான் கணக்கு. அன்ஃபாலோ பண்ண மனசு வரவில்லை என்றால் மியூட் பண்ணலாம், அவருக்குத் தெரியாது.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். போன் பாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரே அறை வீட்டில் இது கஷ்டம், தெரியும். சமையல் மேடை, டிவி மேல், அம்மாவின் தலைமாட்டில், எங்கே முடிகிறதோ அங்கே. பெரியவர்கள் போனும் அங்கேயே போக வேண்டும். அப்பா ஒரு மணிவரை ரீல்ஸ் பார்க்கிற வீட்டில் பிள்ளை கேட்காது.

"நானும் இன்ஃப்ளூயன்சர் ஆகணும்" என்று சொன்னால்

கட்டாயம் சொல்லும். சிரித்துவிடாதீர்கள். கானா பாடுகிறவன், மெஹந்தி போடுகிறவள், கால்பந்து ஆடுகிறவன், எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. அது நியாயமான ஆசை. நாலு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். ஸ்கூல் யூனிஃபார்ம், தெருப் பெயர், வீட்டு வாசல் வீடியோவில் தெரியக் கூடாது. கமென்டில் நிறத்தையும் ஏரியாவையும் சாதியையும் இழுத்துத் திட்டுவார்கள். அதைப் பிள்ளை தனியாகப் படிக்கக் கூடாது, முதல் மாதமாவது நீங்கள் பக்கத்தில் இருந்து படித்து அழியுங்கள். லைக் எண்ணிக்கையை மறைக்க வழி இருக்கிறது, மறைத்துவிடுங்கள். யாராவது தனியாக மெசேஜ் பண்ணி போட்டோ கேட்டால், அனுப்பியே விட்டிருந்தாலும், உங்களிடம் வந்து சொன்னால் நீங்கள் அடிக்க மாட்டீர்கள் என்று முன்னாலேயே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்

சாப்பாடு குறைவது, கண்ணாடியையே பார்ப்பது அல்லது கண்ணாடியைத் தவிர்ப்பது, பிடித்த விளையாட்டுக்குக்கூடப் போகாமல் இருப்பது, தூக்கம் தலைகீழாவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசுவது. இது இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காத்திருக்காதீர்கள். செத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே செயல்படுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனசிலிருப்பதைச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கும்.

14416 அரசின் மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-க்கும் கூப்பிடலாம். தற்கொலைத் தடுப்புக்காக இருக்கிற ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தால் 1098.

நேரில் பார்க்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மனநல மருத்துவமனையும் நல்ல இடம்தான். ஆனால் நம் ஊரில் "கீழ்ப்பாக்கம்" என்பதை வசவாகவே ஆக்கி வைத்திருக்கிறோம், பிள்ளை பயந்துவிடும். அதனால் நான் முதலில் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போகிறேன். காய்ச்சலுக்கும் கால் உடைந்ததற்கும் போகிற அதே ஆஸ்பத்திரி என்பதால் யாரும் தயங்குவதில்லை. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள், கையில் இட்லி கட்டிக்கொண்டு போங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளைகள் நிறையப் பேசுகிறார்கள்.

அந்த மாஸ்க் போட்ட பெண் இப்போது பதினொன்றாவது. தோல் சரியாக ஏழெட்டு மாதம் ஆனது. போன வாரம் ஏழாவது படிக்கிற ஒரு குட்டியைக் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவந்தாள். குட்டியின் கையில் ஒரு டியூப். "அக்கா, இவகிட்ட நான் பேசிட்டேன். நீங்க டியூப்ல இன்னா எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க," என்றாள். எழுத்து ரொம்பப் பொடி. மூன்று பேரும் மாடிப்படியில் லைட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தோம்.